முழங்கால் சுமக்கும் பாரம்

மலைநாட்டில் வாழ்வோர் அனைவரும் அனுபவத்தால் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும் என்பதே அது. டிசம்பர் மாதப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்கு வந்து சேரும் யாத்திரிகர்கள் அங்கிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகளை ஏறி, 2,243 மீற்றர் உயரமான சிகரத்தை அடைகின்றனர். ஏறும்போது அடிக்கடி நின்று மூச்சு வாங்கியவர்கள், உதயத்தைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது மூச்சைப் பற்றிப் பேசுவதில்லை. கால் நடுங்குகிறது என்றும், முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிறது என்றுமே சொல்லிக்கொள்கின்றனர்.

யாத்திரிகருக்கு இது ஆண்டுக்கொருமுறை வரும் துன்பம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கோ இது நாளாந்த வாழ்க்கை. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய், கங்காணி காட்டிய மலையில் ஏறி, நிரை பிடித்துக் கொழுந்து கொய்து, நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் குறுக்குப் பாதையில் அவர்கள் கொழுந்து மடுவத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பாதை சில வேளை ஏற்றமாகவும் சில வேளை இறக்கமாகவும் அமையும்.

இறங்கும்போது உடலின் பாரம் தானாகவே கீழே செல்கிறது. அவ்வாறாயின் முழங்காலுக்கு வேலை குறைய வேண்டுமன்றோ? ஏன் கூடுகிறது? ஒவ்வோர் அடியிலும் அந்த மூட்டு எத்தனை கிலோ பாரத்தைத் தாங்குகிறது? கேட்பதற்கு எளிதான இக்கேள்விகளுக்கு உறுதியான விடை காண விஞ்ஞானத்துக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த விடை எவ்வாறு கிடைத்தது என்பதும், அது நமது மலைகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

கதவுக் கீல் அன்று

முழங்காலைப் பலர் கதவின் கீலுக்கு ஒப்பிடுவர். அது முற்றிலும் சரியன்று. கீல் ஒரே அச்சில் திரும்பும். முழங்காலோ மடங்கும்போதே சற்று உருளும், சற்று வழுக்கும், சற்று முறுகவும் செய்யும். மேலே தொடையென்பின் உருண்டையான இரு முனைகள், கீழே கணைக்கால் உள்ளென்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பு, முன்னால் முழங்காற்சில்லு. என்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியுள்ளது. இடையிலே பிறைவடிவான இரு மெத்தைகள் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கின்றன. பக்கங்களில் இரண்டும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வன இரண்டுமாக நான்கு பெரிய நார்கள் அனைத்தையும் இழுத்துக் கட்டியுள்ளன.

இவ்வளவு சிக்கலான மூட்டின் உள்ளே எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. ஆகவே அறிஞர்கள் முதலில் கணக்கையே நாடினர்.

நெம்புகோல் கணக்கு

இத்தாலிய நாட்டுக் கணித அறிஞர் ஜியோவன்னி போரெல்லி விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1680ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. தசைகள் உடலில் குட்டையான நெம்புகோல்களாக இயங்குகின்றன என்றும், அதனால் நாம் தூக்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு அதிகமான விசையை அவை செலுத்த வேண்டியுள்ளது என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். 50 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு காலை மடக்கியபடி படியில் நிற்கிறார் என்று கொள்வோம். அவருடைய உடற்பாரம் முழங்காலுக்கு 12 சென்ரிமீற்றர் பின்னால் கீழ்நோக்கி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கால் மேலும் மடங்கி அவர் விழுந்துவிடாதபடி தொடையின் முன்தசை இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் அத்தசையின் நாண் மூட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தூரத்திலேயே செல்கிறது. பாரத்தின் கை 12. தசையின் கை 4. ஆகவே தசை உடற்பாரத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 150 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பும் உடலின் 50 கிலோவும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. மொத்தம் 200 கிலோ!

கணக்கு அழகாக வந்துவிட்டது. ஆனால் அது உண்மைதானா? 12 சென்ரிமீற்றர் என்று எடுத்த இடத்தில் 9 என்று எடுத்துப் பாருங்கள். விடை 162 கிலோவாகக் குறைந்துவிடும். உடலைச் சற்று முன்னே சாய்த்தாலே மாறிவிடக்கூடிய மூன்று சென்ரிமீற்றர், மூட்டின் பாரத்தில் ஏறக்குறைய 38 கிலோ வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. தொடையின் பின்தசையும் கூடவே இழுக்குமாயின் விடை மீண்டும் மாறும். இப்படி உடலைக் கோடுகளாகவும் கோணங்களாகவும் எண்களாகவும் மாற்றி அமைக்கும் கணக்கையே மாதிரியுரு என்கின்றனர். இன்று கணினியில் உருவாகும் மாதிரியுருக்கள் ஒவ்வொரு தசையையும் நாரையும் கசியிழையத்தின் ஒவ்வொரு துண்டையும் கணக்கில் கொள்கின்றன. ஆயினும் எத்துணைச் சிறந்த மாதிரியுருவாயினும், உண்மையான முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அது ஒரு நம்பிக்கையே.

இயந்திரத்தில் ஒரு முழங்கால்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முதல் வழியாக அமைந்தவை, மருத்துவக் கல்விக்கெனத் தம் உடலைத் தானம் செய்தோரின் மூட்டுகளாகும். அவற்றை மரியாதையோடு பேணிக் காத்து, முதலில் காந்தப் படக்கருவியால் உள்ளமைப்பைப் படமெடுக்கின்றனர். பின்னர் மேலும் கீழும் உள்ள என்புகளின் முனைகளைச் சீமெந்து போன்ற பசையில் பதித்து, இயந்திரத்தின் பிடிகளில் பொருத்துகின்றனர். இயந்திரம் மூட்டை மெல்ல மடக்கும். முன்னும் பின்னும் தள்ளும். உள்ளும் புறமும் முறுக்கும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு அசைவு என்பது ஒவ்வொரு கணமும் பதிவாகும்.

1970களில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் உருவான சோதனைச் சட்டகம் இத்துறையில் புகழ்பெற்றது. அங்கே ஜோன் குட்பெலோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஜோன் ஓகொனர் என்ற பொறியியலாளரும் ஒன்றாக உழைத்தனர். மூட்டை நிமிர்ந்த நிலையில் நிறுத்தி, மேலே பாரமேற்றி, தசை நாணை இழுத்து, ஒருவர் உட்கார்ந்து எழுவது போன்ற அசைவை உயிரற்ற மூட்டில் உண்டாக்கும் சட்டகம் அது. மருத்துவன் அறிந்த மூட்டும் பொறியியலாளன் அறிந்த விசையும் ஒரே மேசையில் சந்தித்தன எனலாம்.

இத்தகைய சோதனைகள் வியத்தகு உண்மைகளை வெளிப்படுத்தின. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பட்லர், நோயஸ், குரூட் ஆகிய மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கணைக்கால் முன்னோக்கி நழுவாமல் தடுக்கும் வலிமையில் நூற்றுக்கு 86 பங்கை முன் குறுக்கு நார் ஒன்றே அளிக்கிறது என்று கண்டனர். சாவியோ வூவும் அவருடைய குழுவினரும் 1991இல் அதே நாரை அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்த்தனர். 22 முதல் 35 வயது வரை உள்ளோரின் நார் சராசரியாக 2,160 நியூட்டன் விசையைத் தாங்கியது. ஏறத்தாழ 220 கிலோ பாரம் அது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நாரோ 658 நியூட்டனில், அதாவது 67 கிலோ அளவிலேயே அறுந்துவிட்டது. இளைஞனின் நாரை அளந்து அமைத்த மாதிரியுருவை முதியவளின் முழங்காலுக்குப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

மூட்டுக்குள் ஒரு தராசு

எனினும், உயிரற்ற மூட்டு தானாக நடப்பதில்லை. உயிருள்ள மனிதர் நடக்கையில் தசைகள் எவ்வாறு இழுக்கின்றன என்பதை அது காட்டாது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மொரிசன் என்பவர், நடப்போரின் அசைவைப் படம்பிடித்து, பாதம் நிலத்தை அழுத்தும் விசையை அளந்து, சமதரையில் நடக்கும்போது முழங்கால் உடற்பாரத்தைப் போல 2 முதல் 4 மடங்கு வரை தாங்குகிறது என்று 1970இல் கணித்தார். இரண்டுக்கும் நான்குக்கும் இடைவெளி அதிகம். எது சரி என்று கூற மூட்டின் உள்ளேயே ஒரு தராசு வைத்தாலன்றி வழியில்லை.

அப்படியொரு தராசும் வைக்கப்பட்டது. மூட்டு தேய்ந்துபோனவர்களுக்கு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டுப் பொருத்துவது இன்று வழக்கம். அதன் கீழ்ப்பகுதியில் விசையை அறியும் நுண்கருவிகளையும் சிறிய வானொலிப் பரப்பியையும் அடைத்தால் என்ன என்று ஆராய்ச்சியாளர் எண்ணினர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டி லீமா, கோல்வெல் ஆகியோரின் குழு அத்தகைய மூட்டொன்றை ஒரு முதியவருக்குப் பொருத்தியது. ஜேர்மனியின் பேர்லின் நகரில், சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த பேர்க்மனும் அவர்தம் குழுவினரும் இதேபோன்ற மூட்டுகளைப் பலருக்குப் பொருத்தினர். அவற்றில் மின்கலம் கிடையாது. காலைச் சுற்றி அணியும் கம்பிச்சுருளிலிருந்து காந்தத் தூண்டலால் மின்சாரம் உள்ளே செல்லும். அளவுகள் வானொலி அலையாக வெளியே வரும்.

பேர்லின் குழுவைச் சேர்ந்த குட்ஸ்னர் முதலானோர் ஐந்து பேரிடம் எடுத்த அளவுகளை 2010இல் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது மூட்டின் உச்சபாரம் சராசரியாக உடற்பாரத்தின் 2.61 மடங்கு. படி ஏறும்போது 3.16 மடங்கு. படி இறங்கும்போது 3.46 மடங்கு! 50 கிலோ நிறையுள்ளவருக்கு இவற்றை மாற்றிச் சொல்வதானால், நடக்கையில் 130 கிலோ, ஏறுகையில் 158 கிலோ, இறங்குகையில் 173 கிலோ.

சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கிய யாத்திரிகர் சொன்னது பொய்யன்று என்பதை இவ்வாறு மூட்டுக்குள் இருந்த தராசே மெய்ப்பித்துவிட்டது. காரணமும் விளங்குகிறது. கினிகத்தேனைச் சரிவில் இறங்கும் லொறி, பாரம் தன்னை இழுத்துச் செல்லாதபடி ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறது. நம் உடலில் அந்தப் பிரேக் தொடையின் முன்தசையே. முழங்கால் மடங்கிக்கொண்டிருக்கும்போதே, நீண்டுகொண்டிருக்கும்போதே, அது இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் மூட்டின் மீது பாரமாக இறங்குகிறது. கால் நடுக்கம் களைத்துப்போன அந்தத் தசையின் முறையீடு.

விடை மறைத்த பரீட்சை

அளவுகள் கிடைத்தபின், மாதிரியுருக்களைப் பரீட்சிக்கும் காலம் வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விடைகளை முன்னரே பார்த்துவிட்ட மாணவன் பரீட்சையில் நூற்றுக்கு நூறு பெறுவதில் பெருமை இல்லை. மாதிரியுருவும் அப்படித்தான். ஒரு மூட்டின் அளவுகளுக்கு ஏற்றவாறு எண்களைத் திருத்திவிட்டு, அதே அளவுகளோடு பொருந்துகிறது என்று மகிழ்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். காணாத அளவை முன்கூட்டியே சொல்லிக் காட்ட வேண்டும்.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் பிரெக்லியும் கூட்டாளிகளும் இதற்கென ஒரு போட்டியையே நடத்தினர். அதன் விவரம் 2012இல் வெளிவந்தது. தராசு பொருத்திய மூட்டுடைய ஒருவரின் நடை, தசை மின்னோட்டம், பாத அழுத்தம், உடலமைப்புப் படங்கள் ஆகிய அனைத்தும் போட்டியிடும் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. மூட்டுக்குள் அளந்த பாரம் மட்டும் மறைத்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவும் தன் மாதிரியுருவால் அதைக் கணித்து அனுப்ப வேண்டும். பின்னர் விடை வெளியிடப்படும். தேர்ந்த அறிஞர்களின் கணிப்புகளும் உண்மையிலிருந்து விலகியே நின்றன. ஆனால் எங்கே விலகின என்பது தெரிந்தது. தவறிய இடத்தைத் துல்லியமாகக் காட்டிக் கொடுப்பதே சோதனையின் பெரும்பயன்.

மாதிரியுரு தவறக்கூடிய இடத்துக்கு நம்மவரின் வாழ்க்கையிலிருந்தே நல்ல உதாரணம் ஒன்றைக் காட்டலாம். நாற்காலியில் அமர்வோரைக் கருதி எழுந்த கணக்குகளைக் குந்தியிருப்போருக்கு நீட்டினால், முழங்காலுக்குப் பெரும்பாரம் இறங்குவதாக விடை வருகிறது. ஆனால் முழுவதும் குந்தும்போது தொடையின் பின்புறம் கெண்டைக்காலின் மேல் படிந்து, உடற்பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆராய்ச்சியாளர்கள், அழுத்தத்தை அறியும் விரிப்பைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் வைத்து 2007இல் இதனை அளந்து காட்டினர். இதனைச் சேர்த்துக்கொள்ளாத கணக்கு முழங்காலின் பாரத்தை மிகைப்படுத்திவிடும். குந்தியிருந்து அடுப்பூதும் பாட்டிமார் பிறந்த நாள் முதல் பயன்படுத்தி வரும் தாங்கி அது!

நமது மலைகளுக்கு எந்தக் கணக்கு?

பேர்லினில் அளக்கப்பட்டவர்கள் ஐவர். அனைவரும் செயற்கை மூட்டுப் பெற்றவர்கள். சீரான படிகளிலும் சமதரையிலும், கையில் சுமையின்றி நடந்தவர்கள். நுவரெலியாவிலோ மஸ்கெலியாவிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை வேறு. பாதை சீரற்றது, மண் வழுக்கும், கான்களைத் தாண்ட வேண்டும், முதுகில் கூடை.

கூடையில் 10 கிலோ கொழுந்து இருப்பதாகக் கொண்டு, அதையும் அதே 3.46 ஆல் பெருக்கினால், இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் மூட்டின் பாரம் 35 கிலோ அளவு கூடும் என்று விடை வரும். ஆனால் இவ்வாறு பெருக்கிவிடுவது நியாயமா? கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்டிருப்பதால் அவள் உடல் முன்னே சாய்கிறது. மூன்று சென்ரிமீற்றர் சாய்வு என்ன செய்யும் என்பதை நெம்புகோல் கணக்கில் கண்டோம். சாய்வு பாரத்தைக் குறைக்கலாம். வழுக்கலுக்கு அஞ்சிக் காலை மடக்கியே வைப்பதும், தசைகளை இறுக்கிப் பிடிப்பதும் பாரத்தைக் கூட்டலாம். மேசையிலிருந்து பார்த்து எது வெல்லும் என்று தீர்ப்புக் கூற இயலாது. அந்தச் சரிவிலேயே, அந்தக் கூடையுடனேயே, அந்த நடையையே அளந்து பார்க்க வேண்டும்.

இது வெறும் அறிவு வேட்கைக்கான விஷயமன்று. கொழுந்து மடுவத்தைச் சரிவின் மேலே அமைப்பதா, கீழே அமைப்பதா? ஒரு நாளில் மூன்று முறை நிறுக்காமல் நான்கு முறை நிறுத்து, ஒவ்வொரு முறையும் இறக்கும் சுமையைக் குறைத்தால் முழங்காலுக்கு எவ்வளவு மிச்சம்? குறுக்குப் பாதையில் படி வெட்டுவதாயின் எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டும்? இளம் வயதில் தொடங்கி ஓய்வு பெறும் வரை மலையில் ஏறி இறங்கும் ஒருத்தியின் மூட்டு முதுமையில் எந்த நிலையில் இருக்கும் என்பது இத்தகைய சிறிய முடிவுகளில் தங்கியிருக்கிறது. சோதித்துத் தேறிய மாதிரியுரு ஒன்று இருந்தால், கல்லும் மண்ணும் சுமப்பதற்கு முன்பே இவற்றுக்கு விடை சொல்லலாம். சோதிக்காத மாதிரியுரு தவறான இடத்தில் மடுவத்தைக் கட்டச் சொல்லவும் கூடும்.

அதற்கான வசதிகள் எட்டாத தூரத்தில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் தொடங்கியது. 1964இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. ஒக்ஸ்போர்டில் ஒரு மருத்துவரும் ஒரு பொறியியலாளரும் சந்தித்தது போன்ற சந்திப்புக்கு, தேயிலை மலைகளின் அடிவாரத்திலேயே இடம் இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் அஹ்மத் எர்டெமிர் தலைமையில் உருவான முழங்கால் மாதிரியுருக்கள், அவற்றுக்கு ஆதாரமான படங்களோடும் இயந்திரச் சோதனை அளவுகளோடும், எவரும் இலவசமாகப் பெறக்கூடியவாறு வெளியிடப்பட்டுள்ளன. ஹட்டனில் உயர்தரம் பயிலும் மாணவர் ஒருவரும் கணினி மூலம் அவற்றைப் பெற்று ஆராயலாம். பௌதிகவியலில் திருப்பமும் நெம்புகோலும் படித்தவருக்கு வாசற்படி திறந்தே இருக்கிறது.

இதற்கிடையில், இறக்கத்தில் செல்வோர் கைக்கொள்ளத்தக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஷ்வாமேடரும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 25 பாகைச் சரிவில் எட்டுப் பேரை ஊன்றுகோலுடனும் ஊன்றுகோல் இன்றியும் இறங்கச் செய்தனர். கோலை ஊன்றி இறங்கியபோது முழங்காலின் பாரம் நூற்றுக்கு 25 பங்கு வரை குறைந்ததாகக் கண்டனர். அவ்விடையும் மாதிரியுரு ஒன்றின் துணைகொண்டு கணித்ததே. எனினும் பாதம் நிலத்தில் பதித்த விசையைத் தரையில் அளந்து, அதன்மேல் எழுப்பிய கணக்கு அது. தடியூன்றி மலையிறங்கும் முதியோரின் வழக்கத்துக்கு அது நல்ல சாட்சியமாகிறது. படியில் தாவாமல் மெல்ல இறங்குவதும், சுமையைக் குறைத்துக்கொள்வதும் மூட்டுக்குச் செய்யும் உபகாரங்கள்.

தேயிலையின் நிறையைக் கிராமளவுக்குத் துல்லியமாக நிறுக்கத் தராசு நம்மிடம் உண்டு. அந்தத் தேயிலையைச் சுமந்து இறங்கும் முழங்காலின் பாரத்தையும் அதே கவனத்தோடு நிறுத்துப் பார்க்கும் பணி, இன்று கல்லூரிகளில் பயிலும் மலைநாட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.